அச்சுக்கட்டையும் சைக்கிள் சட்டமும்

ஆம்பூரின் ஷூ கம்பெனிகளில் ஒரு ஜோடிக் காலணி தைக்கப்படுவதற்கு முன்பே அதன் அளவு ஓர் அச்சுக்கட்டையில் முடிவாகிவிடுகிறது. தொழிலாளர் ‘லாஸ்ட்’ என்று அழைக்கும் அந்தக் கட்டை, பாதத்தின் நீளத்தை மட்டுமன்றி விரல்மூட்டுகளின் சுற்றளவையும் மேற்பாதத்தின் எழுச்சியையும் குதிகாலின் வளைவையும் தன்னுள் கொண்டிருப்பதால், தோல்மீது கத்தி இறங்கும்போதே அந்தக் காலணி எத்தகைய காலுக்கு உரியது என்பது தீர்மானமாகியிருக்கும். ஆங்கில அளவுமுறையில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள வேறுபாடு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 8.5 மி.மீ.; ‘பாரிஸ் பாயிண்ட்’ எனப்படும் ஐரோப்பிய முறையிலோ அது சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 6.67 மி.மீ. மட்டுமே. கடல்கடந்த நாட்டில் வாழும் முகமறியாத ஒருவரின் காலுக்காக மில்லிமீட்டர் கணக்குப் பார்க்கும் இந்த ஊரில், வேலை முடிந்து வீடு திரும்பும் தொழிலாளி ஏறும் சைக்கிள் மட்டும் அவருடைய உடலை யாரும் அளந்து பார்க்காமல் வாங்கப்பட்டதாகவே இருக்கிறது.

வாணியம்பாடி முதல் இராணிப்பேட்டை வரை பாலாற்றங்கரை நெடுகிலும் இன்றும் காணக்கிடைக்கும் கறுப்புச் சைக்கிளுக்கு உற்பத்தியாளர் வழங்கும் பெயர் ‘ரோட்ஸ்டர்’. 1885-இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி வெளியிட்ட ‘ரோவர்’ வண்டியின் வழிவந்த இந்த வகை, 28 அங்குலச் சக்கரங்களும் கம்பிகளால் இயங்கும் பிரேக்கும் கொண்டு பிரிட்டனில் உருப்பெற்று, 1949-இல் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு இணைந்து தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் ‘ஹெர்குலிஸ்’ வண்டிகளைச் செய்யத் தொடங்கியபோது, வடிவம் மாறாமல் தமிழ்நாட்டுக்கு உரியதாயிற்று. பள்ளமும் மேடுமான சாலைகளில் குலுக்கலைத் தாங்குவதற்காக இதன் இரு சக்கரங்களுக்கும் இடையே அதிக இடைவெளி விடப்பட்டது; இருக்கையைத் தாங்கும் குழாயும் இன்றைய பந்தயச் சைக்கிள்களில் உள்ளதுபோல் 73 பாகையில் நிமிர்ந்திராமல், 66 முதல் 68 பாகை வரை பின்னோக்கிச் சாய்க்கப்பட்டது. மூட்டையோடும் பால்கேனோடும் ஆறேழு தசாப்தங்கள் உழைத்த பின்னரும் முறியாத இச்சட்டம், வடிவமைப்பு என்ற அளவில் பாராட்டத்தக்கதே.

குறை அதன் வலிமையில் இல்லை, உயரத்தில் இருக்கிறது. சைக்கிள் சட்டத்தின் அளவு என்பது பெடல்களை இணைக்கும் அச்சின் நடுவிலிருந்து இருக்கைக் குழாயின் மேல்முனை வரை உள்ள நீளமாகும். ரோட்ஸ்டர்கள் பெரும்பாலும் 22 அங்குலம், 24 அங்குலம் என்னும் இரண்டே அளவுகளில் வந்தன. பெடல் அச்சு தரையிலிருந்து ஏறத்தாழ 30 செ.மீ. உயரத்தில் நிற்க, 22 அங்குலக் குழாய் (56 செ.மீ.) சாய்ந்து நிற்பதால் நெட்டுயரத்தில் சுமார் 51 செ.மீ. சேர்க்க, மேல்பார் தரையிலிருந்து 81 செ.மீ. உயரத்தில் அமைகிறது. ஐந்தடி நான்கங்குலம் உயரமுள்ள ஒருவரின் உள்கால் அளவு, அதாவது கவட்டிலிருந்து தரை வரையிலான நீளம், பொதுவாக 75 செ.மீ.யை ஒட்டியே இருக்கும். பாரின் இருபுறமும் கால்களை ஊன்றி நிற்கும்போது மூன்று, நான்கு செ.மீ. இடைவெளி இருக்க வேண்டும் என்பது பொதுவிதியாயிருக்க, அவருக்கோ ஆறு செ.மீ. பற்றாக்குறை ஏற்படுகிறது. 24 அங்குல வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அவ்வுயரமுள்ளவர் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் வண்டியை ஒருபக்கம் சாய்த்து ஒற்றைக்காலை ஊன்றுவது பழக்கத்தினால் மட்டுமன்று, வேறு வழியின்மையினாலும்தான்.

தமிழ்நாட்டுச் சிறுவர்கள் பாருக்கு அடியில் வலக்காலை நுழைத்து, உடலை வில்லாய் வளைத்து ஓட்டிய ‘குரங்கு பெடல்’ இந்தப் பொருந்தாமையிலிருந்து பிறந்த கலை. அதன் திறமை வியக்கத்தக்கது என்றாலும், ஒரு தலைமுறை முழுவதும் தன் உடலை வண்டிக்கு ஏற்பக் கோணலாக்கிக்கொண்டது என்பதற்கும் அதுவே சான்று. ஒரு மணி நேரத்துக்குச் சில காசு என்று வாடகைக்கு விட்ட பழைய சைக்கிள் கடைகள் அரை வண்டி, முக்கால் வண்டி என அளவு வாரியாக வைத்திருந்ததையும், வாடகைக்கு வருபவரின் உயரத்தைக் கண்ணாலேயே அளந்து கடைக்காரர் வண்டி எடுத்துக் கொடுத்ததையும் எண்ணும்போது, அக்கடைகளோடு ஓர் அறிவும் மறைந்துவிட்டது என்றே கூற வேண்டும். பெண்களின் நிலை இன்னும் கடினமானது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியே ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றபோது, பார் தாழ்ந்த லேடீஸ் சைக்கிள் போதிய அளவு கிடைக்காமல் ஆண்களுக்கான வண்டிகளிலேயே பழகினர். குழந்தையை முன்பாரில் உட்காரவைக்கலாம் என்பதால் அவற்றையே விரும்பியவர்களும் உண்டு. பொருந்தாத கருவியைத் தம் தேவைக்குப் பொருத்திக்கொண்ட அவர்களின் அறிவு போற்றத்தக்கது. அதைச் சாக்காக வைத்துப் பொருத்தமான வண்டியை மறுப்பது அறமாகாது.

இருக்கையின் உயரத்தையாவது சரிசெய்துகொள்ள முடியும். 1967-இல் ஹேம்லி, தாமஸ் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வின்படி, பெடல் கீழ்நிலையில் இருக்கும்போது அதற்கும் இருக்கையின் மேற்பரப்பிற்கும் இடைப்பட்ட தூரம் உள்கால் அளவில் 109 விழுக்காடாக இருந்தால் குறுகிய நேரக் கடும் உழைப்பில் மிதிக்கும் திறன் மிகுதியாக வெளிப்படுகிறது; 75 செ.மீ. உள்கால் உடையவருக்கு அது ஏறத்தாழ 82 செ.மீ. ஆகும். அளவுநாடா இல்லாதவர், இருக்கையில் அமர்ந்து குதிகாலைக் கீழ்ப்பெடலில் வைத்தால் முழங்கால் நேராக நீள வேண்டும் என்று கொள்ளலாம். பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது தேவையான சிறு மடிப்பு தானாகவே வந்துவிடும். கால் தரையில் படவேண்டும் என்னும் அச்சத்தால் இருக்கையை அடிவரை இறக்கி, மார்புவரை முழங்கால் எழும்ப மிதிப்பவருக்கு முழங்கால் வலி வருவது வண்டியின் குற்றமன்று.

இருக்கை என்றதும், தோல் வட்டாரத்தினர் தனியே கவனிக்க வேண்டிய ஒரு விந்தை அதில் அடங்கியிருக்கிறது. பழைய ரோட்ஸ்டரின் தோல் சீட்டில் பஞ்சு கிடையாது, ரப்பர் கிடையாது. முன்மூக்கில் ஒரு தகடு, பின்னால் வளைந்த ஓர் இரும்புத் தகடு, இரண்டுக்கும் இடையே தூளிபோல் இழுத்து ரிவெட் அடித்த ஐந்தாறு மி.மீ. தடிமனுள்ள ஒற்றைத் தோல், அதன் அடியில் சுருள்வில்கள் என்பதே அதன் முழு அமைப்பு. முதல் சில வாரங்கள் பலகைபோல் உறுத்தும் அத்தோல், உட்காரும்போது உடலின் எடையைத் தாங்கும் இரு அமரெலும்புகள் படும் இடங்களில் வியர்வையின் ஈரத்தாலும் சூட்டாலும் மெல்ல அமுங்கி, அமர்பவரின் வடிவத்தையே தன் வடிவமாக ஏற்றுக்கொள்கிறது. அச்சுக்கட்டைமீது இழுத்துப் பிடித்த தோல் காலின் வடிவத்தை அடைவதும் இதே முறையில்தான். வேறுபாடு என்னவெனில், இங்கே மனித உடலே அச்சுக்கட்டையாகிறது.

எல்லாத் தோலும் இதற்கு உதவாது. விலங்குத்தோலின் உயிர்ப்பொருளான கொலாஜன் என்னும் புரத இழைகளைக் கெடாமல் நிலைநிறுத்துவதே பதனிடுதல். ஆவாரம்பட்டை, கொன்றைப்பட்டை, கடுக்காய் போன்றவற்றில் உள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் அவ்விழைகளுக்கு இடையே நிறைந்து தோலுக்குப் பருமனும் விறைப்பும் தருவதால், ஈரத்தில் வளைத்து உலரவிட்டால் அத்தோல் கொடுத்த வடிவத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். குரோமியம் உப்பில் பதனிட்ட தோலோ, பட்டைத் தோல் வாரக்கணக்கில் எடுக்கும் வேலையை ஓரிரு நாளில் முடித்து, கொதிநீரையும் தாங்கும் மென்மையான தோலாகி, ஷூவின் மேற்பகுதிக்கு மிக ஏற்றதாகிறது. ஆனால் சீட்டாக இழுத்துக் கட்டினால் வடிவம் பிடிக்காமல் தொய்ந்துவிடுகிறது. சீட்டுக்குரிய தடித்த சேணத் தோலில் கான்பூரே பெயர்பெற்றது என்றாலும், பட்டைப் பதனிடும் நுட்பம் பாலாற்றங்கரைக்கு அந்நியமன்று. ஆவாரம்பட்டையில் அரைப்பதமிட்டு ‘கிழக்கிந்தியத் தோல்’ என்ற பெயரில் சென்னைத் துறைமுகம் வழியாக இலண்டன் சந்தைக்குப் போன தோல்களே இந்த வட்டாரத்தின் பழைய பெருமை. 1970-களின் தொடக்கத்தில் ஒன்றிய அரசு அரைப்பதத் தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுமையாக முடித்த தோலையும் காலணியையும் ஊக்குவித்தபின் டேனரிகள் பெருமளவில் குரோமுக்கு மாறின. அதனால் வேலை பெருகியது. ஆற்றுக்கும் நிலத்தடி நீருக்கும் நேர்ந்ததை, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு பதிவு செய்திருக்கிறது. பட்டைப் பதனிடுதலும் கழிவற்றதன்று என்றாலும், ஊரின் புதர்ச்செடி ஒன்றைக்கொண்டு உலகச் சந்தையில் பெயர் பெற்ற ஒரு நுட்பத்தை அருங்காட்சியகத்துக்கு விட்டுவிடுவது இழப்பே.

இன்றைய சீட்டுகளில் பெரும்பாலானவை நுரைமீது ரெக்சின் போர்த்தியவை. கடையில் கைவிரலால் அழுத்திப் பார்க்க மெத்தென்று இருக்கும் அந்நுரை, ஓராண்டில் அமுங்கிக் கல்லாகிவிட, கிழிந்த ரெக்சினுக்குமேல் ஒரு புதுக் கவர் மாட்டி ஓட்டுவது வழக்கமாகிவிட்டது. பழைய தோல் சீட்டு வீட்டுப் பரணில் கிடந்தால் அதை எறிந்துவிடலாகாது. மழையில் நனையாமல் மூடிவைத்து, நனைந்தால் நிழலில் உலர்த்தி, ஆண்டுக்கு ஒருமுறை சிறிதளவு மெழுகு தடவி, தொய்வு கண்டால் மூக்கின் அடியிலுள்ள நட்டைக் கால் சுற்று மட்டும் முறுக்கினால் அது இன்னொரு தலைமுறைக்கும் உழைக்கும். எண்ணெயில் ஊறவைப்பதே பலரும் செய்யும் தவறு. அது விறைப்பை அழித்து, தோலைத் தொங்கவிட்டுவிடும்.

வண்டி உடலுக்குப் பொருந்தினாலும் சாலை பொருந்த வேண்டுமல்லவா? ஒருகாலத்தில் சைக்கிளோட்டியின்மீது சட்டத்தின் கண் கூர்மையாகவே இருந்தது. நகராட்சிக்கு ஆண்டுவரி கட்டித் தகர வில்லை மாட்ட வேண்டும். இரவில் விளக்கு எரிய வேண்டும். ‘டபுள்ஸ்’ போகக் கூடாது. மீறினால் அபராதம், அல்லது காவலர் வால்டியூபைப் பிடுங்கிக் காற்றை இறக்கிவிடுவார். விளக்குக்காகப் பலரும் பொருத்திய டைனமோ, டயரோடு உரசிச் சுழல்வதால் மட்டுமே மின்சாரம் தருவது. எனவே வண்டி நின்றதும் விளக்கும் அணைந்து, வெளிச்சம் மிகத் தேவைப்படும் நாற்சந்தியிலேயே இருட்டாகிவிடும். பேட்டரி விளக்கு மலிந்துவிட்ட இக்காலத்தில் அந்தக் குறை தீர்ந்துவிட்டது, ஆனால் விளக்கு பொருத்தும் வழக்கமே அருகிவிட்டது.

வில்லை முறை கைவிடப்பட்டபின், 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் மிதிவண்டி அடங்காததால், அதற்கு உரிமமோ காப்பீடோ தலைக்கவசமோ கட்டாயமில்லை. எனினும் சைக்கிளோட்டி சட்டத்துக்கு அப்பாற்பட்டவர் அல்லர். பொதுவழியில் மனித உயிருக்கு ஆபத்து நேரும்படி எந்த வண்டியை ஓட்டினாலும் தண்டனைக்குரியது என்று கூறும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆம் பிரிவு மிதிவண்டிக்கும் பொருந்தும். எதிர்த்திசையில் வருவதும் விளக்கின்றி இரவில் நெடுஞ்சாலையைக் கடப்பதும் ஓட்டுபவரின் உயிரையே முதலில் கேட்பவை. அதேவேளையில், தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் உயர்த்தப்பட்ட அபராதங்கள் தலைக்கவசமின்மையின்மீது காட்டும் கண்டிப்பில் ஒரு பகுதியையேனும், சர்வீஸ் சாலையில் எதிர்வரும் மோட்டார் சைக்கிளின்மீதும் இடப்புற ஓரத்தை அடைத்து நிறுத்தப்படும் லாரியின்மீதும் காட்டினால், சைக்கிளோட்டி சாலை நடுவே தள்ளப்படும் நிலை பெருமளவு குறையும். வேலூரின் ஆற்காடு சாலையிலும் ஆம்பூரில் நெடுஞ்சாலையை ஒட்டிய பகுதிகளிலும் அந்த ஓரமே அவருக்கு எஞ்சியிருக்கும் பாதை.

இதற்கான நெறிமுறை நாட்டில் இல்லாமலில்லை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1962-இல் மிதிவண்டிப் பாதைகளுக்கென வகுத்த விதியின்படி, ஒரு சாலையில் மணிக்கு 200-க்கு மேற்பட்ட மோட்டார் வாகனங்கள் ஓடுமாயின், உச்ச நேரத்தில் மணிக்கு 100 சைக்கிள்கள் சென்றாலே தனிப்பாதை அமைப்பதற்கு நியாயம் உண்டு. அப்பாதை குறைந்தது 2 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். சென்னையையும் பெங்களூருவையும் இணைக்கும் சாலையில் மணிக்கு 200 மோட்டார் வாகனங்கள் என்பது கேள்விக்கே இடமில்லாத எண்ணிக்கை. எஞ்சியிருப்பது அந்த 100 சைக்கிள்களை எண்ணும் வேலை மட்டுமே. ஷிஃப்டு முடியும் நேரத்தில் கம்பெனி வாசலை அடுத்த சாலையோரத்தில் ஒரு நோட்டும் பென்சிலுமாக ஒரு மணி நேரம் நின்றால் அது முடிந்துவிடும். நகராட்சிப் பொறியாளரோ, ஊரின் கல்லூரி மாணவர்களோ, தொழிற்சங்கமோ இந்த மாதமே அதைச் செய்து, அந்த எண்ணிக்கையை மாவட்ட ஆட்சியரின் சாலைப் பாதுகாப்புக் கூட்டத்தில் வைக்க வேண்டும்.