தூக்கிப் போடாதீங்க அந்தத் துண்டுத் துணியை!

தீபாவளி, பொங்கல் நெருங்கினால் கலசப்பாக்கம் தையல் கடைகளிலும் ராத்திரி பகலாக மிஷின் ஓடும். மூலையில் வெட்டுத் துணி மூட்டை மூட்டையாகச் சேரும். 'இதை வெச்சு என்ன பண்றது?' என்று சிலர் கொளுத்தியே விடுவார்கள். (பாலியஸ்டரைக் கொளுத்தவே கூடாது. அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது.) அடுத்த தடவை ஜாக்கெட் வாங்கப் போகும்போது ஒரு பை நிறையக் கேட்டு வாங்கி வாருங்களேன்.

எதற்கு என்கிறீர்களா? மனசுக்கு மருந்தாக!

2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்ததே, ஞாபகமிருக்கிறதா? கடலை நம்பிப் பிழைத்தவர்களுக்குக் கடலே பயமாகிப் போனது. அப்போது ஆரோவில்லில் 'உபாசனா' என்ற உடை வடிவமைப்பு நிறுவனத்தை நடத்திவந்த உமா பிரஜாபதி ஒரு காரியம் செய்தார். தன் நிறுவனத்தில் மிஞ்சிய துண்டுத் துணிகளை, சுற்றுவட்டார மீனவப் பெண்களிடம் கொடுத்துக் குட்டிக் குட்டிப் பொம்மைகள் செய்யப் பழக்கினார். பொம்மைக்குப் பெயர் 'சுனாமிகா'. அதை விலைக்கு விற்பதில்லை, அன்பளிப்பாகத்தான் கொடுத்தார்கள். பெண்களுக்கான கூலி நன்கொடையிலிருந்து வந்தது. லட்சக்கணக்கில் அந்தப் பொம்மைகள் வெளிநாடுகளுக்கெல்லாம் போயின.

வருமானம் ஒரு பக்கம் இருக்கட்டும். கை சும்மா இருந்தால் மனசு நடந்ததையே சுற்றிச் சுற்றி வரும். ஊசியும் நூலும் கையிலிருந்தால் கவனம் அடுத்த தையலுக்குப் போகிறது. நாலு பேர் உட்கார்ந்து தைக்கும்போது ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க வேண்டியதில்லை பாருங்கள், சொல்ல முடியாத துக்கமும் தானாக வாயில் வந்துவிடும். மனநல மருத்துவமனைகளில் கைவேலையைச் சிகிச்சையில் சேர்த்திருப்பது சும்மா இல்லை.

செய்முறை சுலபம். துணியை முதலில் துவைத்து வெயிலில் காயப் போடுங்கள். பஞ்சுத் தூசி ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. உள்ளங்கை அகலத் துண்டின் நடுவில் பொடித் துணியை உருண்டையாக வைத்து, கழுத்தை நூலால் இறுக்கினால் தலை வந்துவிட்டது. கீழே தொங்குவது பாவாடை. கை, பின்னல் எல்லாம் உங்கள் இஷ்டம். மூணு வயசுக்கு உட்பட்ட குழந்தைக்கென்றால் பட்டன், மணியில் கண் வைக்காதீர்கள், பிய்த்து விழுங்கிவிடும். நூலால் தைத்தால் போதும். நாற்பது தாண்டியவர்களுக்கு ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லையா? முதலில் கண்ணைப் பரிசோதியுங்கள். தைப்பது பகல் வெளிச்சத்தில் இருக்கட்டும். அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து நடங்கள்.

ஒன்று மட்டும். சாவு விழுந்த வீட்டிலோ, பிரசவம் ஆன வீட்டிலோ ஒருத்தர் இரண்டு வாரத்துக்கு மேல் தூங்காமல், சாப்பிடாமல், 'நான் இருந்து என்ன பிரயோஜனம்' என்று புலம்பினால் துண்டுத் துணியைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். டாக்டரிடம் கூட்டிப் போங்கள். போக வழியில்லையா? 14416-க்குப் போன் செய்யுங்கள். மத்திய அரசு 2022-ல் தொடங்கிய இலவச மனநல ஆலோசனை எண் அது. தமிழிலேயே பேசலாம்.