நாற்காலி யாருக்கு?

காலைச் சிற்றுண்டியா? அன்று! பகல் உணவா? அதுவும் அன்று! இரண்டுக்கும் இடையிலே இன்னொரு உணவு இன்று நகரங்களிலே நடைபோடுகிறது. ‘பிரஞ்ச்’ என்று பெயர். பிரேக்பாஸ்ட்டின் தலையையும் லஞ்ச்சின் வாலையும் ஒட்டிச் செய்த சொல். 1895ஆம் ஆண்டு கை பெரிங்கர் என்ற ஆங்கில எழுத்தாளர், இந்த உணவு வேண்டுமென்று வாதாடி ஒரு கட்டுரையே தீட்டினார். ஏன் தெரியுமா, தோழர்களே? சனிக்கிழமை இரவைக் கேளிக்கையிலே கழித்த கனவான்கள், ஞாயிறு காலையிலே அவசரமாக எழ வேண்டாம் என்பதற்காக!

கண்விழித்த கனவானுக்காகப் பிறந்த உணவு, இன்று சென்னையிலும் கோவையிலும் கிளை கிளையாய்க் கடை விரித்திருக்கிறது. ஒரே விளக்கு, ஒரே தட்டு, ஒரே சுவை. பத்தரை மணிக்குச் சென்றால் வாசலிலே வரிசை!

இதைக் கேட்டால் நாகலாபுரத்து உழவன் நகைப்பான். விளாத்திகுளம் வட்டத்திலே, வானம் பார்த்த கரிசல் மண்ணிலே, விடியுமுன் காட்டுக்குப் போகிறவன் அவன். பருத்தி எடுக்கவோ, உளுந்துக்குக் களை பறிக்கவோ குனிந்தால், நிமிர்ந்து தூக்குவாளியைத் திறக்கப் பத்து மணியோ பதினோரு மணியோ ஆகும். கம்பங்கூழோ, பழைய சோறோ, கடித்துக்கொள்ள வெங்காயமோ, மோர்மிளகாயோ! காலைக்கும் பகலுக்கும் நடுவே உண்பதுதான் பிரஞ்ச் என்றால், அதை அவன் பாட்டன் காலத்திலேயே உண்டு முடித்தான். ஆனால் அவனுக்கு அது நாகரிகம் அல்ல. காலையில் உண்ண நேரமில்லை, அவ்வளவுதான்!

அந்தக் கம்புக்கும் இப்போது காலம் பிறந்திருக்கிறது. 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டென்று ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. கலயத்திலே இருந்தபோது ஏளனம். பீங்கான் தட்டிலே ஏறியதும் ஏற்றம்! ஏறட்டும், நாம் தடுக்கவில்லை. விளைவித்தவன் வீட்டுக்கும் அந்த ஏற்றம் வந்து சேரட்டும் என்கிறோம்.

நாமும் அத்தகைய கடையொன்றிலே நண்பர் ஒருவருடன் ஒன்றரை மணி நேரம் அமர்ந்தோம். எழுந்திரு என்றவர் இல்லை. என்ன சாதி என்றவர் இல்லை. பக்கத்து மேசையிலே யார் இருந்தார் என்று பார்த்தவரும் இல்லை. இது சாதாரணச் செய்தியா, தோழர்களே?

ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலையிலே ‘பிராமணாள்’ என்றும் ‘இதராள்’ என்றும் இடம் பிரித்திருந்த நாட்டிலே, அந்தப் பிரிவினை ஒழிய 1941 வரை காத்திருக்க நேர்ந்தது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப்பலகையிலிருந்து ‘பிராமணாள்’ என்ற சொல்லை அகற்றச் சொல்லிப் பெரியார் கிளர்ச்சி தொடுத்தார்; தொண்டர்கள் நாள்தோறும் அணி அணியாய்ச் சிறை புகுந்தனர். கரிசல் காட்டுத் தேநீர்க் கடைகளிலே தனிக் குவளையிலே வாங்கி, பெஞ்சிலே அமராமல் தரையிலே குந்திக் குடித்தவர் கதையை மூத்தவர்களைக் கேளுங்கள்! உணவு விடுதிக்குள் எவரையும் சாதி சொல்லித் தடுக்கலாகாது என்று 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு எழுதி வைத்தது ஏன்? தடுத்தார்கள், அதனால்!

கடல் கடந்தும் இதே கதைதான். அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோ நகரிலே, 1960 பிப்ரவரி 1ஆம் நாள், நான்கு கருப்பின மாணவர்கள் வுல்வொர்த் கடையின் உணவு மேசை முன்னே அமர்ந்து காப்பி கேட்டனர். கடை மறுத்தது. அவர்கள் எழ மறுத்தனர். நாளுக்கு நாள் கூட்டம் பெருகியது. ஜூலையிலே கடை பணிந்தது!

உண்பவன் உட்கார்ந்துவிட்டான். வெற்றிதான்! ஆனால் பரிமாறுகிறவன்?

நமக்குத் தட்டு வைத்த இளைஞனைப் பார்த்து, “தம்பி, எந்த ஊர்?” என்றோம்.

“நாகலாபுரம் பக்கம்ணே.”

“காலையில் சாப்பிட்டாயா?”

“கூட்டம் கொறையட்டும்ணே. மூணு மணி ஆயிரும்.”

காட்டிலே இருந்தால் பதினோரு மணிக்காவது வரப்பிலே உட்கார்ந்து வாளியைத் திறந்திருப்பான். ஊரார் பசியாற்றும் கூடத்திலே, மூன்று மணி வரை நின்ற காலோடு நிற்கிறான்!

கடை ஊழியர் நாள் முழுதும் நின்றே தேயலாகாது, அமர இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டிலே கடைகள், நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டது. கேரளம் 2018இலேயே வழிகாட்டியது. ஜவுளிக்கடையிலும் நகைக்கடையிலும் நின்றே நாளைக் கழித்த பெண்களின் கால்வலி சட்டமானது. அந்த நாற்காலி உணவுச் சாலையின் அடுப்படிக்கும் வரவேண்டாமா? ஊருக்கு வேளாவேளைக்குச் சோறிடுகிறவனுக்குத் தன் சோற்றுக்கு ஒரு வேளை வேண்டாமா?

தோழர்களே! அந்தக் கடைகளுக்குப் போகாதீர் என்று நாம் சொல்லவில்லை. போங்கள்! காலமெல்லாம் கலயம் சுமந்த அன்னையை அழைத்துப் போய் நடு மேசையிலே அமர வையுங்கள். அது அவருக்கு உரிய இடம். அங்கே பணிபுரியும் தோழர்களுக்கோ நாம் சொல்வது இது: சங்கமாய்ச் சேருங்கள். உண்ண ஒரு நேரமும் உட்கார ஓர் இருக்கையும் கேளுங்கள். கருணையாக அல்ல, உரிமையாக!