சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா
(சிறைத் தொடர் – 9)

சிறையில் பிறக்கும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழில், பிறந்த இடம் ‘சிறை’ என்று எழுதக் கூடாது. அந்தப் பகுதியின் முகவரி மட்டுமே இருக்க வேண்டும். ஆர்.டி.உபாத்யாய் வழக்கில் 2006 ஏப்ரல் 13 அன்று உச்ச நீதிமன்றம் இட்ட கட்டளைகளில் இதுவும் ஒன்று. தாயோடு சிறைக்குள் வளரும் குழந்தை கைதி அல்ல. அதற்குத் தர வேண்டிய உணவு, மருத்துவம், படிப்பு, விளையாட்டு எதுவும் சலுகை அல்ல, உரிமை என்றது தலைமை நீதிபதி ஒய்.கே.சபர்வால் தலைமையிலான அமர்வு.

அந்தக் குழந்தைகள் எப்படி வளர்கிறார்கள் என்பதைத் தீர்ப்பே விவரிக்கிறது. வீடு என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியவில்லை. அவர்கள் பார்த்த ஆண்கள் எல்லாரும் காவலர்களும் சிறை ஊழியர்களும்தான். பெண்கள் பிரிவிலேயே வளர்ந்ததால், சில சிறுவர்கள் தங்களைப் பெண்பாலில் சொல்லிப் பேசுகிறார்கள். வெளியே போகும்போது தெருவில் ஒரு மாட்டையோ நாயையோ கண்டால் மிரள்கிறார்கள்.

ஆறு வயது முடிந்ததும் குழந்தை வெளியேற வேண்டும். தாய் விரும்பும் உறவினரிடமோ, அரசின் சமூகநலத் துறை இல்லத்துக்கோ போகலாம். அந்த இல்லம் கூடுமானவரை சிறை இருக்கும் ஊரிலேயே இருக்க வேண்டும், வாரம் ஒருமுறையாவது தாயைப் பார்க்கக் குழந்தையை அழைத்துவர வேண்டும் என்கிறது தீர்ப்பு. தாய்க்கும் பிள்ளைக்கும் இடையிலான தூரத்தைக் குறைக்க நீதிபதிகள் இவ்வளவு யோசித்திருக்கிறார்கள். ஆனால், இந்த வாராந்திரச் சந்திப்பு இல்லத்துக்குப் போன பிள்ளைக்குத்தான். பாட்டி வீட்டுக்குப் போன பிள்ளையை யார் கூட்டி வருவது? பாட்டிதான். ஒருநாள் கூலியை விட்டு, பஸ்ஸுக்குக் காசு தேற்றி, இரண்டு பேருந்து மாறி அவர்தான் வர வேண்டும்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கைப்படி, இந்தியச் சிறைகளில் 1,537 பெண்கள் 1,764 குழந்தைகளோடு இருந்தார்கள். அந்த ஆண்டு இறுதியில் மொத்தக் கைதிகள் 5,73,220 பேர். அவர்களில் பெண்கள் 23,772 பேர் மட்டுமே; மற்றவர்களில் ஏறக்குறைய எல்லாரும் ஆண்கள். நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கு மேல் விசாரணைக் கைதிகள், அதாவது குற்றம் இன்னும் நிரூபிக்கப்படாதவர்கள். இந்த லட்சக்கணக்கான ஆண்களில் எத்தனை பேர் அப்பாக்கள்? அவர்களுக்காக வீட்டில் எத்தனை பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்? சுவருக்கு உள்ளே இருக்கும் குழந்தையை எண்ணும் அறிக்கை, வெளியே இருக்கும் குழந்தையை எண்ணுவதில்லை. எண்ணாத பிள்ளைக்கு எந்தத் திட்டமும் போய்ச் சேராது.

அப்பா துபாய்க்கு வேலைக்குப் போயிருக்கிறார் என்று பிள்ளையிடம் சொல்லி வைக்கும் வீடுகள் உண்டு. அவமானத்துக்கு அஞ்சிச் சொல்லும் பொய் அது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. உண்மையைச் சொல்லும் வீடுகள் பிள்ளையோடு ‘மனு பார்க்க’ப் போகின்றன. சிறைக்குப் போய்க் கைதியைச் சந்திப்பதற்குத் தமிழ்நாட்டில் மக்கள் வைத்திருக்கும் பெயர் அது. மனு எழுதிக் கொடுத்து, ஆதார் அட்டையைக் காட்டி, சோதனை முடிந்து, முறை வரும்வரை காத்திருந்து உள்ளே போனால் கிடைப்பது சில நிமிடங்கள். நடுவே கம்பிவலை. பக்கத்தில் நிற்கும் குடும்பங்களும் சத்தம் போட்டுத்தான் பேச வேண்டும். அந்த இரைச்சலில் ஐந்து வயதுப் பிள்ளை என்ன பேசும்? கண்ணாடியும் இன்டர்காமும் வந்த இடங்களில் குரல் தெளிவாகக் கேட்கிறது. தொட்டுக்கொள்ள அங்கேயும் வழியில்லை.

மகாராஷ்டிரத்தில் நாகபுரி, எரவாடா போன்ற சிறைகளில் ‘களாபேட்’ என்ற பெயரில், தண்டனைக் கைதிகள் தங்கள் பிள்ளைகளைக் கட்டியணைத்துப் பார்க்க வாய்ப்பு கொடுத்தார்கள். வலை இல்லை, கண்ணாடி இல்லை. மடியில் உட்காரவைத்து ஊட்டலாம். இதற்குப் பெரிய செலவு இல்லை. ஒரு கூடமும் மனமும் இருந்தால் போதும். எல்லா மாநிலங்களும் செய்யக்கூடியது இது.

நேரில் வர முடியாத பிள்ளைக்கு? இங்கிலாந்தின் சிறை ஒன்றில் 2000-களின் தொடக்கத்தில் ஷரன் பெரி என்ற பெண்மணி ஒரு வேலையைத் தொடங்கினார். கைதிகள் தங்கள் பிள்ளைகளுக்கு இரவில் படித்துக் காட்டும் கதையை அவர்கள் குரலிலேயே பதிவு செய்து வீட்டுக்கு அனுப்பும் வேலை. ‘ஸ்டோரிபுக் டாட்ஸ்’ என்ற அறக்கட்டளையாக அது வளர்ந்தது. பின்னர் அம்மாக்களும் சேர்ந்தார்கள். ஒலித்தொகுப்பு செய்தவர்கள் அந்தத் தொழிலைக் கற்றுக்கொண்ட கைதிகள். சிறையின் சத்தங்களையும் தடுமாற்றங்களையும் வெட்டிவிட்டு, இசையும் காட்டு விலங்குகளின் குரலும் சேர்ப்பார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத அப்பாவும் கதை சொல்லலாம்: பக்கத்தில் ஒருவர் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, அவர் திருப்பிச் சொல்வார், பிறகு சொல்லிக் கொடுத்தவரின் குரலை எடுத்துவிடுவார்கள். வீட்டில் படுத்திருக்கும் பிள்ளைக்குத் தன் அப்பா மட்டுமே கேட்கும்.

பெற்றோரைப் பிரிந்த குழந்தைக்கு அவர்களோடு நேரடியாகவும் தொடர்ந்தும் உறவு வைத்துக்கொள்ள உரிமை உண்டு என்கிறது ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் ஒன்பதாம் பிரிவு. இந்தியா 1992-ல் அதை ஏற்றது. இங்கே உரிமை பிள்ளையுடையது என்பதைக் கவனிக்க வேண்டும். அப்பா சிறையில் ஒழுங்காக நடந்தாரா, இல்லையா என்பதை வைத்து அதைக் கூட்டிக் குறைப்பது நியாயமாகாது.

தமிழ்நாட்டில் 1982-ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகள் இருக்கின்றன. தண்டனைக் கைதிகளுக்குப் பரோல் கிடைப்பது இவற்றின்படிதான். சாதாரண விடுப்புக்கான காரணங்களில், மகன் மகள் திருமணத்தோடு பிள்ளையைப் பள்ளியிலோ கல்லூரியிலோ சேர்ப்பதும் இடம்பெறுகிறது. ராஜீவ் கொலை வழக்கில் ஆயுள் தண்டனையில் இருந்த நளினி, மகளின் திருமண ஏற்பாட்டுக்காக 2019-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தானே வாதாடி ஒரு மாத விடுப்பு பெற்றார். நாடறிந்த வழக்கு என்பதால் அது செய்தியானது. மகளைப் பள்ளியில் சேர்க்க விடுப்பு கேட்கலாம் என்பதே தெரியாத அப்பாக்களுக்கு ஒவ்வொரு மே மாதமும் சிறை நிர்வாகமே அதைச் சொல்லி, மனுவும் எழுதிக் கொடுக்கலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

(தொடரும்)