சிறைக்குள் திரண்ட தோள்கள்

உடற்கட்டு வீரர் மனோகர் ஐச்சின் உயரம் 4 அடி 11 அங்குலம். ‘பாக்கெட் ஹெர்குலிஸ்’ என்ற பட்டப்பெயர் அதனால்தான் ஒட்டிக்கொண்டது. 1912-இல், இன்று வங்கதேசத்தில் இருக்கும் கொமில்லா வட்டாரத்தில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் காலா அசார் காய்ச்சல் கண்டு உடம்பு உருக்குலைந்தது. தேறி எழுந்ததும் தண்டாலும் பஸ்கியுமாக உடம்பை மீட்டார். இளைஞரானதும் மந்திரவாதி பி. சி. சர்க்காரோடு மேடையேறி, பல்லால் இரும்புக் கம்பியை வளைத்தார். தலையணை மாதிரியான தடித்த புத்தகங்களைக் கையால் கிழித்தார்.

1942-இல் பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்தார். எடை தூக்கும் பயிற்சியை அங்கேதான் முறையாகக் கற்றார். இந்தியர்களை இழிவாகப் பேசிய வெள்ளைக்கார அதிகாரியை ஓங்கி அறைந்ததில் வேலை போனது; சிறைவாசம் வந்தது. சிறையில் கருவி ஏது? வெறுங்கையோடு சில நாள் பன்னிரண்டு மணி நேரம்கூடப் பயிற்சி செய்தார். அதைப் பார்த்து அசந்துபோன சிறை நிர்வாகம் அவருக்குத் தனிச் சாப்பாடே ஏற்பாடு செய்தது. பிற்காலத்து வெற்றிக்கெல்லாம் அடித்தளம் அந்தச் சிறைதான் என்றே சொல்ல வேண்டும்.

விடுதலைக்குப் பின் வயிற்றுப்பாடு பெரும்பாடானது. கொல்கத்தாவின் சியால்தா ரயில் நிலையத்தில் இளநீர் விற்றார். 1950-இல் ‘மிஸ்டர் ஹெர்குலிஸ்’ பட்டம் வென்றார். மறுவருடம் லண்டன் ‘மிஸ்டர் யுனிவர்ஸ்’ போட்டியில் இரண்டாமிடம்தான். அவரது உயரப் பிரிவில் முதலிடம் இன்னொரு வங்காளியான மனோதோஷ் ராய்க்குப் போனது. ஐச் ஊர் திரும்பவில்லை. பிரிட்டிஷ் ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே பயிற்சியைத் தொடர்ந்து, 1952-இல் குள்ளமானோர் பிரிவில் பட்டத்தைக் கைப்பற்றினார். அப்போது வயது 40. ஒட்டுமொத்தப் பட்டம் அல்ல, பிரிவுப் பட்டம் என்பதைப் பலரும் சொல்லாமல் விடுகிறார்கள். சொல்வதால் அவர் பெருமை குறைந்துவிடாது.

பட்டம் பணமாகவில்லை. சர்க்கஸ்களில் பலம் காட்டிப் பிழைத்தார். பிறகு கொல்கத்தா பாகுயாட்டியில் உடற்பயிற்சிக்கூடம் நடத்தினார். சிகரெட், மது இரண்டையும் தொட்டதில்லை. சோறு, பருப்பு, மீன், பால், பழம் இவைதான் அவர் சாப்பாடு. நம் பழைய சோற்றைப் போன்ற ‘பாந்தா பாத்’தும் அதில் உண்டு. தொண்ணூறை நெருங்கிய வயதிலும் மேடையில் தசைகளை முறுக்கிக் காட்டினார். 2016 ஜூன் 5-ஆம் தேதி, 104-ஆம் வயதில் காலமானார்.