இனிஷியல் யாருடையது?

"பேரு?"

"முருகேசன்."

"இனிஷியல்?"

ரேஷன் கார்டோ, பேங்க் லோனோ, மச்சானுக்கு ஜாமீன் கையெழுத்தோ... இந்த மூன்று வரி வசனம் இல்லாமல் நம் ஊரில் ஒரு காரியம் நகராது. முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த ஒற்றை எழுத்து அப்பாவுடையதுதான் என்று கேட்காமலே முடிவு கட்டிவிடுகிறோம்.

அப்படியானால் எம்.எஸ். சுப்புலட்சுமி? 'எம்' என்பது மதுரை. 'எஸ்' என்பது சண்முகவடிவு. அதாவது அம்மா! எம்.எல். வசந்தகுமாரி? மெட்ராஸ் லலிதாங்கி. அதுவும் அம்மாதான். பேர், வித்தை, சொத்து எல்லாம் தாய் வழியில் இறங்கிய இசைக் குடும்பங்களில் இது சகஜம். அப்பா பேரை யாரும் கேட்க மாட்டார்கள். பல அப்பாக்கள் சொல்லவும் மாட்டார்கள்.

சர்க்கார் ரிஜிஸ்தரில் 'தகப்பனார் பெயர்' என்று ஒரு கட்டம் போட்டார்களே, வினை அங்கேதான் ஆரம்பம்.

1886 ஜூலை 30. புதுக்கோட்டை சமஸ்தானத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அப்பா நாராயணசாமி அய்யர், மகாராஜா காலேஜ் பிரின்சிபால். அம்மா சந்திரம்மாள், தேவதாசிக் குடும்பத்தில் பிறந்தவர். சாதிசனம் இதை ஒரு கல்யாணமாகவே ஏற்கவில்லை. அய்யரைச் சொந்தக் குடும்பமே ஒதுக்கியது. (காதல் மன்னன் ஜெமினி கணேசன் இந்தத் தம்பதியின் பேரன். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று பயப்படாத வம்சம் போலிருக்கிறது!)

அந்தப் பெண் மகாராஜா காலேஜில் சேர மனு போட்டபோது ஊரே கொதித்தது. பையன்கள் கெட்டுப் போவார்களாம்! மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் எதிர்ப்பை ஒதுக்கித் தள்ளி, 'சேர்த்துக்கொள்' என்றார். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கி வெளியே வந்தார் டாக்டர் முத்துலட்சுமி. சட்டசபைத் துணைத் தலைவர், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, தேவதாசி ஒழிப்பு... மிச்சமெல்லாம் உங்களுக்கே தெரியும்.

அதிகம் பேசப்படாத சங்கதி அவர் கல்யாணம். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். சம்பிரதாய முறையில் அல்ல, 1872-ஆம் வருஷத்துத் திருமணச் சட்டப்படி. அம்மாவின் உறவை ஊர் கல்யாணமாக ஒப்புக்கொள்ளவில்லை. மகளோ யாரும் மறுக்க முடியாதபடி சர்க்கார் சட்டத்தில் செய்துகொண்டார். காரணத்தோடுதான் செய்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

எல்லா வீட்டிலும் ஒரு முத்துலட்சுமி பிறப்பதில்லை. ஆனால் பல வீட்டில் ஒரு சந்திரம்மாள் இருந்திருக்கிறார். வாரிசுச் சான்றுக்கோ, குடும்ப வரலாறு எழுதும் ஆசையிலோ நீங்கள் பாட்டியின் பிறப்புப் பதிவைத் தேடுகிறீர்கள் என்று வையுங்கள். கிடைத்தும் விடுகிறது. தாயார் பெயர் இருக்கிறது. தகப்பனார் கட்டத்தில் வெறும் கோடு. வயிற்றில் புளி கரைக்கிறது. தாலுகா ஆபீஸ் வாசலில் ஒருவர் பக்கத்தில் வந்து, "கவலைப்படாதீங்க தம்பி, சரி பண்ணிடலாம்" என்பார். நடக்காத கல்யாணத்துக்கு எண்பது வருஷம் கழித்து முகூர்த்தம் குறிக்கிற ஆசாமி அவர். நம்பாதீர்கள்.

இங்கிலாந்தில் இதற்கு நேர்வழி ஒன்று உண்டு. 1926-ல் சட்டம் கொண்டுவந்தார்கள். குழந்தை பிறந்த பிறகு பெற்றோர் கல்யாணம் செய்துகொண்டால், பிறப்பை மறுபடி பதியலாம். ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு! தாத்தா கதையைத் தோண்டுகிற வெள்ளைக்காரர்கள் இதில் குழம்பிப் போகிறார்கள்.

நம்ம ஊரில் அந்த மறுபதிவு கிடையாது. 1969-ஆம் வருஷப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம், 15-ஆம் பிரிவு: தப்பு இருந்தால் பதிவாளர் திருத்தலாம். ஆனால் பழைய வரியில் கை வைக்கக் கூடாது. ஓரத்தில் எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். ஆக, பழசு அப்படியே இருக்கும். தவிர, அப்பா பேர் காலியாக இருப்பதே ஒரு தப்பு ஆகிவிடாது. பிறப்பையே பதியாமல் விட்டிருந்தால் வழி வேறு. ஒரு வருஷம் தாண்டியதற்கு முன்பு மாஜிஸ்திரேட் கோர்ட் உத்தரவு வேண்டும். 2023 திருத்தத்துக்குப் பிறகு கலெக்டர், சப்-கலெக்டர் மட்டத்திலேயே உத்தரவு வாங்கலாம்.

காலிக் கட்டத்துக்கும் இப்போது மரியாதை வந்திருக்கிறது. 2015 ஜூலையில், மணமாகாத தாய் அபிடவிட் கொடுத்தால் பிறப்புச் சான்று தந்தாக வேண்டும் என்றது சுப்ரீம் கோர்ட். 2016 டிசம்பரில் பாஸ்போர்ட்டுக்குப் பெற்றோரில் ஒருவர் பேர் போதும் என்று ஆனது. 2018-ல் பக்கத்துத் திருச்சியில் ஒரு வழக்கு. தனியாக வாழும் பெண்ணின் குழந்தைக்கு, சம்பந்தமில்லாத ஒருவர் பேரைத் தகப்பன் என்று பதிந்துவிட்டார்கள். எடுங்கள் என்றால் அதிகாரிகள் மறுத்தார்கள். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டே சான்று கொடுங்கள் என்றது ஐகோர்ட் மதுரைக் கிளை.

சொத்து சமாசாரம் தனி. முதல் மனைவி இருக்கும்போதே தாத்தா இன்னொருவருக்கும் தாலி கட்டியிருந்தால், இந்துத் திருமணச் சட்டம் 16-ஆம் பிரிவுப்படி அந்தக் கல்யாணம் செல்லாது, பிள்ளை செல்லும்! பெற்றோர் சொத்தில் அந்தப் பிள்ளைக்குப் பங்கு உண்டு. கூட்டுக் குடும்பச் சொத்தில் அப்பாவுக்கு வரும் பங்கிலும் உண்டு என்று 2023 செப்டம்பர் 1-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. மற்ற உறவினர் சொத்தில் கிடையாது. தாலியே கட்டாத உறவுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. வக்கீலிடம் கேட்கும்போது இதை முதலில் கேளுங்கள்.

பாட்டியின் அப்பா யார் என்று தெரிந்தே ஆக வேண்டுமா? பிறப்பு ரிஜிஸ்தரை மூடிவிட்டு சார்பதிவாளர் ஆபீஸுக்குப் போங்கள். ஊருக்குப் பயந்து பிறப்புப் பதிவில் பேர் கொடுக்காத பெரிய மனுஷர்கள் சிலர், சாகும் முன் மனசு கேட்காமல் உயிலோ செட்டில்மென்ட் பத்திரமோ எழுதி வைத்திருப்பார்கள். அதில் 'அபிமான புத்திரன்', 'அபிமான புத்திரி' என்ற வார்த்தை தென்படுகிறதா என்று பாருங்கள். கல்யாணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளையைப் பழைய பத்திரங்களில் அப்படி எழுதுவதும் உண்டு. கீழே அப்பாவின் கையெழுத்து இருக்கும்.