கிளுவை வேலியில் ஒரு தவசி

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலை. திருவண்ணாமலையில், வேங்கிக்கால் ஏரிப் பக்கம் எங்கள் வீட்டுக் கிளுவை வேலியில் பச்சோந்தி உட்கார்ந்திருப்பதை முதலில் கண்டவன் அக்கா மகன். எட்டாம் வகுப்பு படிக்கிறான். கண்ட கையோடு கேட்டான்: "மாமா, இதுக்கு ஒரு கூண்டு கட்டலாமா?"

வெளிநாடுகளில் பச்சோந்தி வளர்ப்பவர்களின் வீடியோக்களைப் பையன் கரைத்துக் குடித்திருந்தான். நோட்டில் பட்டியலே தயார். இரண்டடி அகலம், நாலடி உயரம். கண்ணாடித் தொட்டி ஆகாது, காற்று புகும் வலைக்கூண்டு. குளிர்காய ஒரு விளக்கு, புற ஊதா ஒளிக்கு ஒரு குழல்விளக்கு. இலைமேல் சொட்டுச் சொட்டாய் நீர் விழ ஓர் ஏற்பாடு. ஒளிந்துகொள்ள அடர்ந்த செடி. தினமும் உயிருள்ள பூச்சி. ஒரு கூண்டில் ஒன்றுதான். கண்ணாடியில் தன் உருவத்தைக் கண்டாலே அதற்குப் பதற்றம் வந்துவிடுமாம்.

பட்டியலில் தப்பில்லை. ஆனால் அவர்கள் வளர்ப்பது பெரும்பாலும் ஏமன், மடகாஸ்கர் இனங்களை. நம்முடையது இந்தியாவில் வாழும் ஒரே பச்சோந்தி இனம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருப்பது. பிடிப்பதும் குற்றம், வீட்டில் வளர்ப்பதும் குற்றம். சொன்னதும் பையன் முகம் வாடிவிட்டது. "நோட்டை எடுத்துக்கிட்டு வேலிகிட்ட வா. இதுக்கு ஏற்கெனவே ஒருத்தர் கூடு கட்டிக் கொடுத்திருக்கார். உன் கணக்கும் அவர் கணக்கும் ஒத்துப்போகுதான்னு பார்ப்போம்."

இரண்டு முழம் தள்ளி நின்றோம். விரல் பருமன் கிளையை அது பிடித்திருந்த பிடியைத்தான் நான் முதலில் காட்டினேன். முன்னங்காலில் உள்பக்கம் மூன்று விரல்கள் ஒன்றாய் ஒட்டியிருக்கும், வெளிப்பக்கம் இரண்டு. பின்னங்காலில் அதுவே தலைகீழ்: உள்ளே இரண்டு, வெளியே மூன்று. கொல்லன் குறடுபோல நான்கு பிடிகள். போதாததற்கு ஐந்தாவதாகச் சுருண்ட வால். காற்றில் கிளை ஆடினால் அதுவும் இலைபோல முன்னும் பின்னும் ஆடுகிறது. கண்ணிமைகள் ஒட்டிக் கூம்பாகி, நடுவில் ஊசித் துளை அளவே திறப்பு. ஒரு கண் எங்களைப் பார்த்தது. மற்றது எறும்பு போகும் வழியைப் பார்த்தது.

இரவு மழையின் துளிகள் இலை நுனிகளில் இன்னும் தொங்கின. கிண்ணத்தில் தேங்கிய நீரைப் பச்சோந்தி பெரும்பாலும் ஏறிட்டும் பார்க்காது. இலையில் நிற்கும் துளியை நக்கித்தான் குடிக்கும். பையன் நோட்டில் ஒரு டிக் போட்டான்.

விளக்கு விஷயத்தில்தான் எனக்கு உடல் சிலிர்த்தது. புற ஊதாக் கதிர் தோலில் பட்டு வைட்டமின் டி3 ஊறினால்தான் தின்ற சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேரும். சரியான விளக்கில்லாத கூண்டில் வளரும் பச்சோந்திக்குக் கால் எலும்பு வளைந்து, தாடை துவண்டுவிடும். மடகாஸ்கர் இனம் ஒன்றை அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்து 2009இல் எழுதினார்கள்: உணவில் டி3 குறைவாகக் கிடைத்தவை தாமாகவே அந்த ஒளியில் கூடுதல் நேரம் நின்றன, நிறையக் கிடைத்தவை ஒதுங்கிக்கொண்டன. நமக்கு ரத்தம் எடுத்து, லேப் சீட்டு வந்தால்தான் தெரிகிறது. பச்சோந்திக்குள் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் பார்ப்பவர் யார்? எங்கள் வேலிக்காரரும் உடம்பைத் தட்டையாக்கி, கருத்த விலாவை வெயிலுக்குக் காட்டி அமர்ந்திருந்தார். ஒன்பது மணி வாக்கில் சூடு ஏற ஏறப் பச்சை வெளுத்தது.

நிறம் மாறுவதை வைத்து அரசியல்வாதிகளைத் திட்டுகிறோம். திட்டு யாருக்கு அவமானம் என்பது வேறு விஷயம். சுற்றியிருப்பதற்கு ஏற்ப வேடம் கட்டுவது அல்ல அதன் வேலை. சூடு, கோபம், பயம், துணை தேடல் எல்லாம் தோலில் வெளியாகிவிடுகின்றன. மனதை மறைக்கத் தெரியாத பிராணி அது! 2015இல் ஜெனீவா பல்கலைக்கழகத்தார் கண்டது இன்னும் விந்தை. தோலுக்குள் குவானின் என்ற பொருளின் நுண்படிகங்கள் அடுக்கடுக்காய் இருக்கின்றன. நெருங்கி நின்றால் நீல ஒளி திரும்பும். மேலிருக்கும் மஞ்சள் நிறமியோடு சேர்ந்து நமக்குப் பச்சையாய்த் தெரியும். சிலிர்த்தெழுந்தால் இடைவெளி விரிந்து மஞ்சளும் சிவப்புமாகும். சாயம் புதிதாய் ஒரு பொட்டும் சேர்வதில்லை. அண்ணாமலையும் அப்படித்தானே? சித்திரையில் வெந்த பாறை, கார்த்திகைத் தீபத்துக்குள் பச்சை. உமையவளுக்கு இடப்பாகம் தந்த மலை.

அப்போது வெட்டுக்கிளி ஒன்று வந்து உட்கார்ந்தது. இரண்டு கண்களும் ஒன்றாய் முன்னே திரும்பின. வாய் சற்றே திறந்தது. நாக்கு நுனி எட்டிப் பார்த்தது. அவ்வளவுதான் நாங்கள் பார்த்தது. அடுத்த கணம் வெட்டுக்கிளி வாயில். நாக்குக்குள் உள்ள நார் உறைகள் நாணேற்றிய வில்லாய் இழுபட்டு நின்று, விட்டதும் பாய்கின்றன. நுனியில் ஊறும் பசை நம் எச்சிலைவிட 400 மடங்கு கெட்டியாம்.

"எல்லாத்துக்கும் டிக் போட்டாச்சு மாமா."

அவன் எழுத மறந்தது மண். நான்காம் நாள் மத்தியானம் அது வேலியை விட்டு இறங்கியபோதுதான் வயிறு பருத்த பெண் என்று எனக்கே உறைத்தது. முட்டையிட மட்டும் தரைக்கு வந்தாக வேண்டும். கிரிவலப் பாதையிலும் ஏரிக்கரைச் சாலையிலும் இப்படி இறங்கியவைதான் டயரில் நசுங்குகின்றன. இந்தப் பக்கம் மனை வாங்கும் ஒவ்வொருவரும் கிளுவையை வெட்டிவிட்டு காம்பவுண்டு சுவர் எழுப்புகிறார்கள். எங்கள் பக்கத்து மனையிலும் கல் இறக்கியாயிற்று.

பையன் வாசலில் நின்று வண்டிகளைத் திருப்பிவிட்டான். குழாயடி ஈர மண்ணை முன்னங்கால்களால் அது தோண்டிக்கொண்டே இருந்தது, முகமெல்லாம் மண். முட்டையிட்டு, குழியை மூடி, மேலே மிதித்துச் சமன் செய்து கிளம்ப இருட்டிவிட்டது. அக்கா குழாயடியில் பாத்திரம் துலக்குவதை நிறுத்தி, துலக்குகல்லைக் கிணற்றடிக்கு மாற்றிவிட்டாள்.

எட்டு மணிக்கு டார்ச்சோடு போனோம். ஒல்லிக் குச்சியின் நுனியில், வால் சுருட்டி, சுண்ணாம்பு பூசினாற்போல வெளிறித் தூங்கிக்கொண்டிருந்தது. விலா இரண்டும் ஒட்டிப்போயிருந்தன. பையன் விளக்கை அணைத்தான்.