ஒரு கொக்கி ஊசியும் நான்கு பந்து நூலும்

குறோசே என்றதும் எங்களில் பலருக்கு நினைவுக்கு வருவது மேசை விரிப்பும், தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் போடும் துணியும், தேவாலயப் பீடத்து விரிப்பின் ஓரத்தில் தொங்கும் றேந்தையும்தான். எல்லாமே வீட்டுக்கும் கோயிலுக்கும் உரியவை. பின்னியவள் தன் உடம்பில் போட்டுக்கொள்ள ஒன்றும் இருக்காது. இம்முறை உடுத்தக்கூடிய ஒன்றைப் பற்றி எழுதுகிறோம். அது ஒரு கழுத்துச் சால்வை. மார்கழிப் பனியில் முதல் பஸ்ஸுக்கு நிற்கும்போது கழுத்தில் சுற்றலாம்; வெயிலில் சைக்கிளில் போகும்போது தலையில் போடலாம்.

2009 இல் யுத்தம் முடிந்தபின் வடக்கிலும் கிழக்கிலும் பெண்களுக்கென எத்தனையோ கைப்பணிப் பயிற்சிகள் நடந்தன. பயிற்சி முடிந்தது, சான்றிதழ் கிடைத்தது, பலருடைய ஊசி பெட்டிக்குள் போய்விட்டது. பின்னத் தெரியாமல் அல்ல. பின்னியதற்கு என்ன விலை சொல்வது என்று எவரும் சொல்லித் தரவில்லை. அந்தக் கணக்கையும் கீழே பார்ப்போம்.

முதலில் சாமான்கள். 4 மில்லிமீற்றர் குறோசே ஊசி ஒன்று. அளவு ஊசியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். றேந்தை பின்னும் மெல்லிய இரும்பு ஊசி இதற்குச் சரிவராது. நூல் பருத்தியாக இருக்கட்டும். கம்பளி நூல் எங்கள் வெக்கைக்கு உதவாது. நைலோன் கலந்தது வியர்வையை உறிஞ்சாது. எட்டு இழை என்று சொல்லப்படும் நடுத்தரத் தடிப்பில் 50 கிராம் பந்து நான்கு போதும். நான்கையும் ஒரே நாளில், ஒரே கடையில் வாங்குங்கள். சாயத் தொகுதி மாறினால் ஒரே நிறமும் வேறுபட்டு, சால்வையின் நடுவே கோடு விழுந்ததுபோல் தெரியும். பந்தைச் சுற்றியுள்ள தாளில் தொகுதி இலக்கம் இருக்கும். நான்கிலும் அது ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

சுருக்கு முடிச்சொன்று போட்டு ஊசியில் கொழுவி, 28 சங்கிலி பின்னுங்கள். கையை இறுக்காதீர்கள். அடிச் சங்கிலி இறுகினால் சால்வையின் ஒரு முனை சுருங்கியே நிற்கும். இறுக்கிப் பின்னும் பழக்கமுள்ளவர்கள் சங்கிலிக்கு மட்டும் 5 மில்லிமீற்றர் ஊசியைப் பாவிக்கலாம்.

இனி நீளத் தையல். ஊசியில் நூலை ஒரு தடவை சுற்றுங்கள். ஊசியிலிருந்து எண்ணிவரும் நான்காவது சங்கிலிக்குள் ஊசியை விட்டு நூலை இழுத்தெடுங்கள். இப்போது ஊசியில் மூன்று வளையங்கள் இருக்கும். நூலைக் கொழுவி முதல் இரண்டு வளையங்களுக்கூடாக இழுங்கள், இரண்டு மிஞ்சும். மறுபடி கொழுவி அந்த இரண்டுக்கூடாகவும் இழுங்கள், ஒன்று மிஞ்சும். ஒரு தையல் முடிந்தது. அடுத்தடுத்த சங்கிலி ஒவ்வொன்றிலும் இப்படியே செய்யுங்கள். தாண்டி வந்த மூன்று சங்கிலிகளும் ஒரு தையலாகக் கணக்கு. எனவே வரியின் முடிவில் 26 தையல்கள் இருக்கும்.

எங்கள் பழைய புத்தகங்களில் இந்தத் தையலுக்கு ரெபிள் என்று பெயர். அமெரிக்கர் இதையே டபிள் குறோசே என்பார்கள். யூரியூப்பைப் பார்த்துப் பழகும் பிள்ளைகள் இதில்தான் தடுமாறுவார்கள். பெயரை விட்டுவிட்டு, ஊசியில் மூன்று வளையம் வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

வரி முடிந்ததும் மூன்று சங்கிலி பின்னி வேலையைத் திருப்புங்கள். கவனிக்கவேண்டிய இடம் இதுதான். இந்த மூன்று சங்கிலியும் புதிய வரியின் முதல் தையல். ஆகவே அதன் அடியிலுள்ள தையலை விட்டு, அடுத்த தையலில் ஊசியை விடவேண்டும். வரியின் கடைசித் தையல், கீழ் வரியின் மூன்று சங்கிலியின் உச்சியில் விழவேண்டும். அதை மறந்தால் வரிக்கு ஒரு தையல் குறையும். நான் முதன்முதலில் பின்னிய சால்வை ஒரு முனையில் சாண் அகலமும் மறு முனையில் நான்கு விரல் அகலமுமாக முடிந்தது. பிறகு ஒவ்வொரு வரியையும் எண்ணத் தொடங்கினேன். நீங்களும் எண்ணுங்கள்: 26, 26, 26.

பிழைத்தால் பயப்பட வேண்டாம். வெட்டிய சட்டைத் துணி திரும்பி வராது. குறோசேயில் ஊசியைக் கழற்றி நூலை இழுத்தால், பிழைத்த இடம் வரை அவிழ்ந்து நூல் முழுதாகக் கைக்கு வந்துவிடும். தண்ணிக்கும் நிவாரணக் கடதாசிக்கும் வரிசையில் நின்று, நேரம் துண்டுதுண்டாகக் கிடைக்கும் வீட்டில் இன்னொரு வசதியும் உண்டு. ஒரு தையல் முடிந்ததும் ஒரு வளையம்தான் ஊசியில் இருக்கும். அதைச் சற்றுப் பெரிதாக இழுத்து விட்டுவிட்டு எழுந்து போகலாம். திரும்பி வந்து தொடரலாம். மின்சாரம் வேண்டாம், மெசின் வேண்டாம்.

செல் துண்டு பட்டு விரல் மடங்காதவர்களுக்கும் வழி உண்டு. பழைய சைக்கிள் ரியூப்பை மெல்லிய பட்டியாக வெட்டி ஊசியின் பிடியில் சுற்றினால், பேனையாகப் பிடிக்க முடியாத கை அதை முழுதாகப் பொத்திப் பிடிக்கும். அரை மணித்தியாலத்துக்கு மேல் தொடர்ந்து பின்னாதீர்கள், மணிக்கட்டு நோகும்.

ஏறக்குறைய 130 வரியில் ஒன்றரை மீற்றர் நீளம் வரும். ஒவ்வொருவர் கைக்கும் இது சற்று மாறும். கடைசியில் நூலை வெட்டி வளையத்துக்கூடாக இழுத்து இறுக்கி, மிஞ்சிய முனைகளைத் தடித்த தையல் ஊசியால் தையல்களுக்குள் ஒளித்துவிடுங்கள். முடிச்சுப் போட்டு வெட்டினால் கழுவும்போது கழன்றுவிடும்.

இனிக் கணக்கு. பழகிய கைக்கு ஒரு வரி மூன்று நிமிடம். 130 வரிக்கு ஆறரை மணித்தியாலம். நூல் 1,200 ரூபா என்றும், உங்கள் ஊரில் தோட்ட வேலைக்கு எட்டு மணித்தியால நாட்கூலி 2,000 ரூபா என்றும் வைத்துக்கொள்வோம். மணித்தியாலத்துக்கு 250, உழைப்பு 1,625. நூலையும் சேர்த்தால் 2,825 ரூபா. உங்கள் ஊர் விலைகளைப் போட்டு நீங்களே கணக்குப் பாருங்கள். வருகிற தொகைக்குக் குறைவாக விற்றால் உழைப்பில் ஒரு பகுதியை இனாமாகக் கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம். “வீட்டில சும்மா இருந்து பின்னினது தானே” என்று விலை குறைக்கக் கேட்பவர்கள் வருவார்கள். சும்மா இருந்தால் சால்வை வராது.

ஆனால் கடைகளில் இயந்திரத்தில் பின்னிய சால்வை இதைவிட மலிவு. அதனோடு போட்டி போட முடியாது, போடவும் வேண்டாம். அயர்லாந்தில் 1845 இல் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்து பெரும் பஞ்சம் வந்தபோது, கன்னியர் மடங்கள் பெண்களுக்குக் குறோசே றேந்தை பழக்கின. அந்தக் காசில் பல குடும்பங்கள் சீவித்தன. பிற்காலத்தில் அதைப்போலவே தோன்றும் இயந்திர றேந்தை மலிவாக வந்ததும் கைவேலையின் விலை சரிந்தது. குறோசே முழுக்கக் கையால் செய்யப்படுவது என்பதை அறிந்து வாங்குபவரிடம்தான் விற்கவேண்டும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வருபவர்கள், ஏப்ரலில் நுவரெலியாவுக்குப் போகிறவர்கள், தெரிந்த ஆசிரியைகள் என்று தேடுங்கள். கடைக்காரர் “விற்றபின் காசு தாறன்” என்றால் ஒன்றிரண்டுக்கு மேல் கொடுக்காதீர்கள். பத்துக்கு ஓடர் தந்தால், நூலுக்கான காசை முன்பணமாகக் கேளுங்கள். சீவியத்துக்கு இதை மட்டும் நம்பி, கையிலுள்ள கோழியையும் தோட்டத்தையும் விட்டுவிட வேண்டாம்.

முதலாவதை மட்டும் விற்காதீர்கள். அதில் பிழைகள் இருக்கும், அது உங்களுக்கே. நிறத்தையும் நீங்களே தெரிவு செய்யுங்கள். கணவரை இழந்தபின், ஊர் என்ன சொல்லுமோ என்று நிறமான உடுப்பைத் தொடாத சகோதரிகள் எம்மிடையே பலர். நூல் கடையில் கை தானாகவே வெள்ளைக்கும் சாம்பலுக்கும் போகும். சிவப்போ மஞ்சளோ பச்சையோ மனதுக்குப் பிடித்திருந்தால் அதையே எடுங்கள். கடும் சிவப்பு சில வேளை சாயம் விடும். பின்னத் தொடங்குமுன் ஒரு முழ நூலை வெள்ளைத் துணித் துண்டோடு தண்ணீரில் அரை மணித்தியாலம் ஊறவிட்டுப் பாருங்கள். துணியில் நிறம் பிடித்தால் சால்வையை எப்போதும் தனியே தோய்த்து, முறுக்காமல் பிழிந்து, நிழலில் பாயில் விரித்துக் காயவிடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரப் பாரத்தில் நீண்டுபோகும்.